மணிக்கட்டு உடைந்த பிறகு

2012 மார்ச் 18, அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரம். நார்த் கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, கிரைட்டன் பல்கலைக்கழகத்தைத் துவைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாம் பாதியில் கெண்டல் மார்ஷல் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்கிறார். காற்றில் இருக்கும்போதே ஒருவர் மோத, தடுமாறி விழுந்து வலது கையைத் தரையில் ஊன்றுகிறார். எழுந்து, கையை உதறிக்கொண்டு, இன்னும் சில நிமிடங்கள் ஆடவும் செய்கிறார். ஆட்டம் 87-73 என்று முடிகிறது. மார்ஷலுக்கு 18 புள்ளிகள், 11 அசிஸ்ட். எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம்தான் எக்ஸ்ரே. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

மார்ஷல் இடதுகைக்காரர். எறிகிற கைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ரசிகர்கள் ஒரு வாரம் தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் கரோலினாவுக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

அந்த வாரத்தில் நடந்ததை வைத்துத்தான் இந்தக் கட்டுரையே. கரோலினா அணியின் வரலாற்றில் தலைசிறந்த பாயின்ட் கார்ட் யார் என்று பட்டியல் போடுவது அந்த ஊர் ரசிகர்களுக்கு இளையராஜாவின் டாப் டென் போடுவது மாதிரி. யாரும் ஜெயிக்க முடியாது, யாரும் நிறுத்தவும் மாட்டார்கள். நானும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஆனால் அதை எப்படிப் போடுவது என்பதில்தான் எனக்குப் பல வருடச் சிக்கல்.

கூடைப்பந்து பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாயின்ட் கார்ட் என்பவர் பந்தைத் தட்டியபடி நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவருபவர். பொதுவாக அணியிலேயே குள்ளம். யார் எங்கே நிற்கணும், பந்து யாருக்கு எப்போது போகணும் என்பதை முடிவு செய்பவர். அவர் கொடுத்த பந்தை இன்னொருவர் கூடையில் போட்டால் கொடுத்தவர் கணக்கில் ஒரு ‘அசிஸ்ட்’ ஏறும். எதிரணியிடம் பறிகொடுத்தால் ‘டர்ன்ஓவர்’. பிரச்சினை என்னவென்றால், அவர் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டு கட்டத்திலுமே விழாது. அரை நொடி முன்னால் வந்த பந்துக்கும் அரை நொடி தாமதமாக வந்த பந்துக்கும் காகிதத்தில் வித்தியாசம் கிடையாது.

மென்பொருள் துறையில் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ‘கேயாஸ் மங்கி’ என்று ஒரு நிரல் எழுதியது. அதன் வேலையே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஏதோ ஒன்றை வேண்டுமென்றே அணைத்துவிடுவது. எது நின்றால் எது விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். அணி வரலாற்றில் அந்தக் குரங்கின் வேலையைக் காயங்கள் செய்கின்றன. கரோலினாவின் பாயின்ட் கார்ட்கள் விஷயத்தில் அது கொஞ்சம் அதிகமாகவே செய்திருக்கிறது.

ஆரம்பம் என்னவோ நகைச்சுவையாகத்தான் இருந்தது. 1957 இறுதிப்போட்டியில் எதிரே கான்சஸ். அவர்களிடம் ஏழடிக்கு மேல் உயரமான வில்ட் சேம்பர்லின். ஆட்டத்தைத் தொடங்க நடுவர் பந்தைத் தூக்கிப் போடும்போது கரோலினா பயிற்சியாளர் ஃபிராங்க் மெக்வயர் அனுப்பியது ஆறடிகூட இல்லாத கார்ட் டாமி கியர்ன்ஸை. எப்படியும் அந்தப் பந்து கிடைக்காது, சேம்பர்லினைக் கொஞ்சம் குழப்பியாவது பார்ப்போம் என்ற கணக்கு. மூன்று முறை கூடுதல் நேரம் போய் 54-53 என்று கரோலினா வென்றது. அந்த வருடம் 32 ஆட்டம், 32 வெற்றி. கியர்ன்ஸுக்கு என் பட்டியலில் இடமில்லை, ஆனால் அந்தப் புகைப்படத்துக்கு உண்டு.

மெக்வயருக்கு உதவியாளராக இருந்து 1961-ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர் டீன் ஸ்மித். கான்சஸில் கணிதம் படித்தவர். மற்றவர்கள் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணிக்கொண்டிருந்த 1950-களிலேயே, பந்து நம் கைக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும் எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்தவர். இன்றைய கூடைப்பந்துப் புள்ளியியலின் அஸ்திவாரமே அந்த வகுத்தல்தான். அவருடைய இன்னொரு விதி இன்றைக்கும் சாப்பல் ஹில்லில் இருக்கிறது. கூடையில் பந்தைப் போட்டவர், தனக்குப் பாஸ் கொடுத்தவரை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். கைதட்டல் எங்கே போகணும் என்று அரங்கத்துக்கே சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு. பாயின்ட் கார்ட் என்ற வேலைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தப் புள்ளிவிவரமும் செய்ததில்லை.

இந்த மனிதரிடம் 1974-ல் வந்து சேர்ந்தவர், ராக்கி மவுண்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஃபில் ஃபோர்ட். மூத்த மாணவர்களுக்கே முதல் மரியாதை என்று இருந்தவர் ஸ்மித். அவரிடம் வந்த முதல் ஆட்டத்திலேயே தொடக்க ஐவரில் இடம்பிடித்த முதல் முதலாமாண்டு மாணவர் ஃபோர்ட்தான். நான்கு வருடத்தில் 2,290 புள்ளிகள். அந்தப் பள்ளிச் சாதனை முப்பது வருடம் நின்றது. 2008 டிசம்பரில் டைலர் ஹான்ஸ்பரோ தாண்டினார். ஃபோர்ட் நடுவில் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார், 1978-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது வாங்கினார்.

ஆனால் ஃபோர்டை நினைப்பவர்கள் நினைப்பது நான்கு விரலை. அணி முன்னணியில் இருக்கும், ஆட்டம் முடிய சில நிமிடங்கள் பாக்கி. ஃபோர்ட் கையைத் தூக்கி நான்கு விரலைக் காட்டுவார். மற்ற நால்வரும் அரைத் திடலின் நான்கு மூலைக்குப் போய்விடுவார்கள். நடுவில் ஃபோர்டும் பந்தும் மட்டும். இதற்கு ‘ஃபோர் கார்னர்ஸ்’ என்று பெயர். அப்போது கல்லூரி ஆட்டத்தில் இத்தனை நொடிக்குள் எறியணும் என்ற கடிகாரம் கிடையாது. நம்மூர்க் கபடியில் முன்னணியில் இருக்கும் அணியின் ரெய்டர் கடைசி நிமிடங்களில் சும்மா பாடிவிட்டுத் திரும்பி வருவாரே, அதே தந்திரம்தான். பறிக்க ஒருவர் வந்தால் ஃபோர்ட் அவரைத் தாண்டிப் போய்க் கூடையில் போடுவார், இருவர் வந்தால் மூலையில் நிற்பவருக்குக் கொடுப்பார், யாரும் வரவில்லையென்றால் தட்டிக்கொண்டே நிற்பார். எதிரணிக்கு மூன்று வழியும் அடைப்பு. கபடியில் ‘டூ ஆர் டை’ ரெய்டு கொண்டுவந்த மாதிரி இதை ஒழிக்கவும் விதி வந்தது. 1985-86 சீசனில் 45 நொடிக் கடிகாரம். அந்த விதிக்கு ஃபோர்ட் மட்டும் காரணமில்லை. 1982 மண்டல இறுதியில் கரோலினாவும் வர்ஜீனியாவும் பந்தை வைத்துக்கொண்டு 47-45 என்று முடித்ததுதான் பொறுமையைச் சோதித்தது.

இப்போது குரங்கை அவிழ்த்துவிடலாம். 1977-ல் கரோலினா இறுதிப்போட்டிவரை போனது. வழியில் ஃபோர்டின் முழங்கையில் காயம். மார்கெட்டுக்கு எதிரான இறுதியில் 12 புள்ளி பின்தங்கி, துரத்தி, சமன் செய்தார்கள். உடனே ஸ்மித் நான்கு மூலைக்குப் போகச் சொன்னார். அது எடுபடவில்லை, 67-59 தோல்வி. தூரத்திலிருந்து எறிய முடியாத ஃபோர்டைக் கண்டு மார்கெட் பயப்படவில்லை, தள்ளி நின்றே காத்தது என்பது என் வாசிப்பு. ஆனால் நேர்மையாகச் சொல்லணும் என்றால், அன்று டாமி லகார்டு முட்டிக் காயத்தால் வெளியே, வால்டர் டேவிஸுக்கு விரல் முறிவு. மூன்று சர்வர் ஒரே நேரத்தில் படுத்தால் குற்றவாளி யாரென்று சொல்ல முடியாது.

அதைவிடச் சுத்தமான சோதனை 1979-ல் நடந்தது. ஃபோர்ட் படிப்பு முடிந்து போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஊரில் ஆட்டம். ஸ்மித் தொடக்கத்திலிருந்தே பந்தைப் பிடித்து வைத்திருக்கச் சொன்னார். இடைவேளையில் ஸ்கோர் என்ன தெரியுமா? டியூக் 7, கரோலினா 0. எழுத்துப்பிழை இல்லை, பூஜ்யம்தான். இரண்டாம் பாதியில் இரு அணிகளும் ஆளுக்கு 40 எடுத்தன. மொத்தத்தில் 47-40 தோல்வி. அடுத்த வாரமே மண்டல இறுதியில் கரோலினா அதே டியூக்கை வென்றது, ஆக அது ஒன்றும் மோசமான அணி இல்லை. இல்லாதது ஒரே ஒருவர். ஃபோர் கார்னர்ஸ் ஒரு உத்தி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு ஆள்.

அதனால் முதலிடம் ஃபோர்டுக்கு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அடுத்து வந்தவர்களை வேகமாகப் பார்க்கலாம். 1982-ல் ஜிம்மி பிளாக். ஜார்ஜ்டவுனுக்கு எதிரான இறுதியில் பதினேழு நொடி இருக்கும்போது மைக்கேல் ஜோர்டன் எறிந்த பந்தை உலகமே பார்த்திருக்கிறது. அந்தப் பந்தைத் திடலின் குறுக்கே ஜோர்டனுக்குக் கொடுத்தது பிளாக். ஆறு முறை கடைசி நான்குவரை போய்த் தோற்ற டீன் ஸ்மித்துக்கு ஏழாவது முறை கோப்பை. 63-62.

1984-ல் கென்னி ஸ்மித். ஜோர்டன், சாம் பெர்கின்ஸ், பிராட் டாகர்டி எல்லாரும் இருந்த அணியை ஓட்டிய முதலாமாண்டு மாணவர். ஜனவரியில் எல்எஸ்யூ ஆட்டத்தில் தனியே கூடைக்குப் பறந்துகொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ள, இடது மணிக்கட்டு முறிந்தது. அணி 21 ஆட்டம் தோற்காமல் இருந்து, அவர் இல்லாத நேரத்தில் ஆர்கன்சாஸிடம் ஒரு புள்ளியில் முதல் தோல்வி கண்டது. கையில் கட்டோடு அவர் திரும்பி வந்தபோதும் அந்தப் பழைய ஓட்டம் வரவில்லை. மார்ச்சில் இண்டியானாவிடம் 72-68. ஜோர்டனின் கடைசிக் கல்லூரி ஆட்டம் அது. அவரை அன்று தடுத்தவர் யார் என்றுதான் இன்றுவரை எழுதுகிறார்கள். அவருக்குப் பந்தைக் கொண்டுவந்தவரின் கட்டுப் போட்ட கையைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

1993-ல் டெரிக் ஃபெல்ப்ஸ். புள்ளிக்காக யாரும் நினைவு வைத்துக்கொள்ளாத தடுப்பாட்டக்காரர். மிச்சிகனின் கிறிஸ் வெப்பர் மூலையில் மாட்டிக்கொண்டு, இல்லாத டைம்-அவுட்டைக் கேட்டாரே, அவரை ஜார்ஜ் லிஞ்சோடு சேர்ந்து அந்த மூலையில் அடைத்தது ஃபெல்ப்ஸ். 77-71, ஸ்மித்தின் இரண்டாவது கோப்பை. அடுத்த வருடம் பாஸ்டன் காலேஜ் ஆட்டத்தில் ஒருவர் இடித்துத் தள்ள, ஃபெல்ப்ஸுக்குத் தலையில் அடி. அவர் வெளியே போனார், அணி 75-72 என்று தோற்றது. தொடர்ந்து 13 வருடம் கடைசி பதினாறுக்குள் வந்துகொண்டிருந்த வரிசை அன்றைக்கு அறுந்தது.

இதுவரை என் குரங்கு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. எட் கோட்டாவிடம் வந்ததும் மக்கர் செய்தது.

புரூக்ளின் பையன். 1996-லிருந்து 2000 வரை நான்கு வருடம், 1,030 அசிஸ்ட். அவர் முடித்தபோது நாட்டின் மொத்தக் கல்லூரி வரலாற்றிலேயே அவருக்கு முன்னால் இருவர்தான் இருந்தார்கள். நான்கில் மூன்று வருடம் அணி கடைசி நான்குக்குள் போனது: 1997, 1998, 2000. இதற்கிடையில் டீன் ஸ்மித் ஓய்வுபெற்று பில் கத்ரிஜ் வந்தார். பயிற்சியாளர் மாறினார், சுற்றி ஆடியவர்கள் மாறினார்கள், பந்தைக் கொண்டுவந்தவர் மட்டும் மாறவில்லை. 2000-ல் அந்த அணி 18 வெற்றி, 13 தோல்வியோடு எட்டாம் நிலை அணியாகத்தான் உள்ளே வந்தது. அதையும் இழுத்துக்கொண்டு போனார். மூன்று அரையிறுதியும் தோல்வி என்பதும் உண்மை. 1999-ல் வெபர் ஸ்டேட் என்ற பெயர் தெரியாத அணியிடம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியதும் உண்மை. அத்தனையிலும் அவர் ஆடினார். மார்ச் மாதத் தொடரில் கோட்டா இல்லாமல் அந்த அணி எப்படி ஆடும் என்று பார்க்கும் வாய்ப்பே வரவில்லை.

என் அளவுகோலில் கோட்டாவின் மதிப்பெண் பூஜ்யம். ஏனென்றால் அவர் தினமும் வேலைக்கு வந்தார்.

இந்த இடத்தில் நான் பல மாதம் நின்றேன். அலுவலகத்தில் நடுராத்திரி சர்வர் விழுந்து, அதைத் தூக்கி நிறுத்தினவருக்குத்தான் மறுநாள் மெயிலில் நன்றி வரும். விழாமலே பார்த்துக்கொண்டவருக்கு வராது. நான் போட்ட பட்டியலும் அதே மேனேஜர் புத்தியில்தான் போட்டது என்பது கொஞ்சம் உறைத்தது. கோட்டா மூன்றாம் இடத்துக்கு வந்தது அதற்கப்புறம்தான். ஏன் இரண்டு இல்லை என்றால், இரண்டில் டை லாசன் இருக்கிறார்.

லாசனுக்கு முன்னால் ரேமண்ட் ஃபெல்டன். 2005-ல் பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸுக்கு முதல் கோப்பையைக் கொடுத்த அணி, இறுதியில் இல்லினாயை 75-70 என்று வென்றது. கடைசி நொடிகளில் எதிரணியின் பாஸைப் பறித்தவர் ஃபெல்டன். அந்த வருடம் 37 ஆட்டங்களில் அணிக்கு நான்கே தோல்வி. முதல் தோல்வி முதல் ஆட்டத்திலேயே, சான்டா கிளாராவிடம், 77-66. அன்று ஃபெல்டன் ஆடவில்லை. அனுமதியில்லாத கோடைகாலப் போட்டி ஒன்றில் ஆடியதற்கு ஒரு ஆட்டத் தடை. ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சான்டா கிளாரா!

லாசன் விஷயத்தில் தரவு கொஞ்சம் அதிகம். 2008 பிப்ரவரியில் கணுக்கால் சுளுக்கியது. மூன்றே நாளில் சொந்த ஊரில் டியூக்கிடம் 89-78 தோல்வி. 2009-ல் கால் பெருவிரல். மண்டலத் தொடர் முழுக்க உட்கார்ந்தார், ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் அணி தோற்றது. தேசியத் தொடரின் முதல் ஆட்டத்திலும் அவர் இல்லை. ராட்ஃபோர்டை 101-58 என்று அடித்தார்கள், ஆள் இல்லாததே தெரியவில்லை. பலவீனமான எதிரியிடம் யார் இல்லையென்றாலும் தெரியாது. அடுத்து எல்எஸ்யூ ஆட்டத்தில் அந்த விரலோடு வந்து, 23 புள்ளியில் 21-ஐ இரண்டாம் பாதியில் எடுத்தார். டெட்ராய்ட்டில் நடந்த இறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டை 89-72 என்று நொறுக்கியபோது லாசனுக்கு 21 புள்ளிகள், எட்டு முறை பந்துப் பறிப்பு. இறுதிப்போட்டி வரலாற்றில் அதுவே சாதனை. 1978-ல் ஃபோர்டுக்குப் பிறகு மண்டலத்தின் சிறந்த வீரர் விருதை வாங்கிய முதல் பாயின்ட் கார்டும் அவர்தான்.

இனி மார்ஷலுக்கே திரும்பலாம். அவர் கதை அவரிலிருந்து தொடங்கவில்லை. 2011 ஜனவரியில் ஜார்ஜியா டெக்கிடம் 78-58 என்று உதை வாங்கியதும், அதுவரை ஆடிக்கொண்டிருந்த லாரி ட்ரூவை உட்காரவைத்து மார்ஷலைத் தொடக்க ஐவரில் போட்டார் ராய் வில்லியம்ஸ். சில வாரத்தில் ட்ரூ பாதி சீசனில் அணியைவிட்டே போய்விட்டார். ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். மார்ஷல் கையில் அணி பறந்தது. 2011-12-ல் அவர் கொடுத்தது 351 அசிஸ்ட், அந்த மண்டலத்தில் ஒரு சீசனில் யாரும் தொடாத எண்ணிக்கை. எதிரணி கூடையில் போட்ட பந்து வலையைவிட்டுக் கீழே வருவதற்குள் டைலர் செல்லர் மறுமுனைக்கு ஓடத் தொடங்கியிருப்பார். பந்து வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

பிறகுதான் கிரீன்ஸ்பரோ. மார்ஷலுக்கு மாற்றாக இருந்திருக்க வேண்டிய டெக்ஸ்டர் ஸ்டிரிக்லாண்டுக்கு ஜனவரியிலேயே முட்டி போய்விட்டது. ட்ரூ இருந்திருந்தால் நான்காம் ஆண்டில் இருந்திருப்பார். மிச்சம் இருந்தது ஸ்டில்மன் வைட் என்ற முதலாமாண்டுப் பையன். அதுவரை தொடக்க ஐவரில் ஒருமுறைகூட நின்றதில்லை. முதல்முறை நின்றது கடைசி பதினாறு சுற்றில், ஓஹையோவுக்கு எதிராக.

அவர் சொதப்பியிருந்தால் இந்தக் கட்டுரை சுலபமாக முடிந்திருக்கும். சொதப்பவில்லை. ஆறு அசிஸ்ட், டர்ன்ஓவர் பூஜ்யம். ஆனால் அவரைச் சுற்றியிருந்த மற்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட தடவை பந்தைப் பறிகொடுத்தார்கள். அணியின் நட்சத்திரம் ஹாரிசன் பார்ன்ஸ் 16 முறை எறிந்து மூன்றை மட்டும் போட்டார். கூடுதல் நேரத்தில் எப்படியோ 73-65 என்று தப்பித்தார்கள். இரண்டு நாள் கழித்து செயின்ட் லூயிஸில் கான்சஸ். வைட் மறுபடியும் ஏழு அசிஸ்ட், மறுபடியும் பூஜ்யம். இடைவேளையில் 47-47. இரண்டாம் பாதியில் கரோலினா எடுத்தது 20 புள்ளிகள். 80-67.

அந்த ஆட்டத்தின் பதிவை யூடியூபில் நான் நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். வைட் மேல் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. பந்து போகவேண்டிய ஆளுக்குத்தான் போகிறது, கொஞ்சம் தாமதமாக. செல்லர் ஓடிப்போய் நின்று, திரும்பிப் பார்க்கிறார். பார்ன்ஸ் பந்தை வாங்கி, ஒருமுறை தட்டி, அப்புறம் எறிகிறார். மார்ஷல் இருந்தபோது அந்தத் தட்டல் கிடையாது. மார்ஷல் கோட் அணிந்து கையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஐந்தாம் இடம் கொடுக்கிறேன், நாலாவது ஃபெல்டன். ஒன்றரை வருடம்தான் ஆடினார் என்பதால் அதற்கு மேலே ஏற்ற மனசு வரவில்லை. இன்னொரு வருடம் இருந்திருந்தால் லாசனோடு சண்டைக்கு நிற்பார்.

ஆறாவது ஜோயல் பெர்ரி, ஏழாவது ஃபெல்ப்ஸ், அப்புறம் கென்னி ஸ்மித், பிளாக். கென்னி எட்டாவதா என்று அடிக்க வருவார்கள், வரட்டும். மார்கஸ் பெய்ஜைச் சேர்க்கவில்லை. 2016 இறுதியில் காற்றிலேயே மடங்கி அவர் போட்ட அந்த மூன்று புள்ளி எறிதலுக்காக அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பாதி நாள் அவர் வேறு வேலைதான் பார்த்தார். 2,290-ஐத் தாண்டிய ஆர்.ஜே. டேவிஸும் அப்படியே.

லாரி ட்ரூ என்ன ஆனார்? லாஸ் ஏஞ்சலஸில் யூசிஎல்ஏவுக்குப் போனார். 2012-13-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு சீசன் அசிஸ்ட் சாதனையை முறியடித்தார்.

வைட் கான்சஸ் ஆட்டத்துக்குப் பிறகு மார்மன் சபையின் ஊழியத்துக்காக இரண்டு வருடம் பந்தையே விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அவருக்கான இடம் பெஞ்சில்தான் இருந்தது. 2017 ஏப்ரலில் கொன்சாகாவுக்கு எதிரான இறுதிப்போட்டியில் பெர்ரி இரண்டு கணுக்காலும் சுளுக்கிய நிலையில் 22 புள்ளிகள் எடுத்தார், 71-65 என்று கரோலினா கோப்பையை வாங்கியது. அந்த அணியில் கடைசி ஆண்டு மாற்று வீரராக வைட்டும் இருந்தார். அவர் தேசியத் தொடரில் தொடக்க ஐவரில் நின்ற ஆட்டங்கள் 2012-ல் அந்த இரண்டு மட்டும்தான்: 13 அசிஸ்ட், டர்ன்ஓவர் பூஜ்யம்.